குடிநீங்கிய வீடுகளும் நிழற்படச் சான்றும்

பழந்தமிழ்க் கல்வெட்டுக்களைப் பயின்றோர் ‘குடிநீங்காத் தேவதானம்’ என்னும் தொடரை நன்கு அறிவர். கோயிலுக்கு நிலம் வழங்குங்கால், அந்நிலத்தில் முன்னரே இருந்து உழுது வந்த குடிகளை அகற்றாமல் வழங்கினால் அது குடிநீங்காத் தேவதானம். அவர்களை விலக்கிவிட்டு வழங்கினால் அது குடிநீக்கிய தேவதானம். நிலம் கைம்மாறும்போது அதன்மீது வாழ்ந்த மனிதன் என்ன ஆனான் என்னும் வினாவை அக்காலத்தார் ஒரே சொல்லில் அடக்கிக் கல்லில் பொறித்து வைத்தனர். ஆயின், நீங்கிய குடிகள் எங்கே போயினர், அவர்கள் விட்டுச் சென்ற வீடுகள் எவ்வாறு பாழாயின என்பதைக் கல்வெட்டுக் கூறுவதில்லை. எழுதினவர் நிலத்தை எழுதினர், வீட்டை எழுதினாரல்லர்.

இருபதாம் நூற்றாண்டில் இக்குறையை நிரப்ப வேறொரு கருவி வந்தது. அதுவே நிழற்படக் கருவி. நாட்டுப்புறத்து நிலங்களிற் கைவிடப்பட்டுக் கிடந்த வீடுகளை ஒரு நாட்டு அரசாங்கமே ஆள்வைத்துப் படமெடுத்துச் சேர்த்த செய்தி ஐக்கிய அமெரிக்க நாட்டு வரலாற்றில் உண்டு. 1935 முதல் 1943 வரை நடைபெற்ற அப்பணி, பாழ்வீட்டின் படம் எந்த அளவிற்கு வரலாற்றுச் சான்றாகும், எவ்விடத்தில் அது படிப்போரை ஏமாற்றும் என்னும் இரண்டையும் ஒருங்கே கற்பிக்கின்றது.

வீடே உரிமைக்குச் சான்று

அவ்வீடுகள் பாழான கதையை அறிய, அவை எழுந்த கதையை முதலில் அறிதல் வேண்டும். 1862ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் குடியேற்ற நிலச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அச்சட்டப்படி, குடும்பத் தலைவர் ஒருவர் 160 ஏக்கர் அரசாங்க நிலத்தைச் சிறு கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறலாம். ஐந்தாண்டு அந்நிலத்திலேயே குடியிருந்து பயிர் செய்து காட்டினால் நிலம் அவருக்கே சொந்தமாகும். மழை குறைந்த மேட்டு நிலங்களுக்கு 160 ஏக்கர் போதாதெனக் கண்டு, 1909இல் அவ்வளவு 320 ஏக்கராக உயர்த்தப்பட்டது. இச்சட்டங்களின் வழியே ஏறத்தாழ 16 இலட்சம் பேர் நிலவுரிமை பெற்றனர். அவர்கள் பெற்ற நிலம் 27 கோடி ஏக்கர் அளவினது.

அந்நிலம் முன்பு ஆளில்லாப் பாழாகக் கிடந்ததன்று. பாவ்னி, ஷையேன், கொமாஞ்சே முதலிய பழங்குடி மக்கள் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழ்ந்த மண் அது. அவர்களை ஒதுக்கிடங்களுக்கு விலக்கிய பின்னரே புதுக்குடிகளுக்கு அம்மண் அளந்து கொடுக்கப்பட்டது. முதற் குடிநீக்கம் அதுவே என்பதை மறத்தலாகாது.

புதுக்குடிகளுக்கு வீடு என்பது வெறும் உறைவிடமன்று. நிலவுரிமைக்கு அது சான்றாகவும் இருந்தது. தாம் அங்கேயே குடியிருப்பதை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டியிருந்தமையால், மரம் கிடைக்காத புல்வெளிகளில் வேரோடு கூடிய புல்மண்ணைக் கட்டிகளாக வெட்டியெடுத்துச் சுவரெழுப்பினர். நெப்ராஸ்கா மாநிலத்தின் கஸ்டர் வட்டாரத்தில் சாலமன் புட்சர் என்பவர் 1886ஆம் ஆண்டு முதல் வண்டியிற் கருவிகளை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகச் சென்று, இத்தகைய மண்வீடுகளின் முன்னே குடும்பத்தாரை நிறுத்திப் படமெடுத்தார். 1901இல் அவ்வட்டாரத்து முன்னோடிகளின் வரலாற்றை நூலாகவும் வெளியிட்டார். அவர் எடுத்த படங்கள் மூவாயிரத்திற்கும் மேற்பட்டவை. இன்று அவை அம்மாநிலத்து வரலாற்றுக் கழகத்தின் செல்வமாக உள்ளன.

அப்படங்களில் மக்கள் தம்மிடமிருந்த நல்ல பொருள்களையெல்லாம் வெளியே கொணர்ந்து வைத்து நிற்பதைக் காணலாம். ஓரில்லத்து அம்மையார் தம் மண்வீட்டை ஊரிலுள்ள சுற்றத்தார் பார்த்துவிடுவரே என நாணி, வீட்டிலிருந்த ஆர்மோனியம் போன்ற பெரிய இசைப்பெட்டியை முற்றத்திற்கு இழுத்துவரச் செய்து அதனருகே நின்றே படமெடுத்துக்கொண்டார் என்பர். குடியிருப்போர் உள்ள வீட்டின் படத்தில், எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்பவர் வீட்டுக்காரரே. பாழ்வீட்டின் படத்திலோ அவ்வுரிமை முழுவதும் படமெடுப்பவர் கைக்குப் போய்விடுகின்றது. இவ்வேறுபாடே இக்கட்டுரைப் பொருளுக்கு அடிப்படையாகும்.

வீடுகள் வெறுமையான காரணம்

முதல் உலகப் போர்க்காலத்தில் கோதுமையின் விலை ஏறிற்று. 1919இல் ஒரு புஷல், அதாவது ஏறத்தாழ 27 கிலோ கோதுமை, இரண்டு டாலருக்கு மேல் விற்றது. ஆசை கொண்டு மேலும் மேலும் புல்வெளியைக் கிழித்து உழுதனர். 1932இல் அதே கோதுமை 40 சென்டுக்கும் கீழே இறங்கியது. 1931 முதல் மழையும் பொய்த்தது. மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்வேர் போய்விட்டமையால், காற்று மண்ணை வாரியெடுத்தது. 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் வீசிய புழுதிப்புயல் பட்டப்பகலை இருளாக்கியது. அந்நாளை அந்நாட்டார் இன்றும் ‘கரிய ஞாயிறு’ என வழங்குவர். 1940க்குள் அச்சமவெளி மாநிலங்களிலிருந்து 25 இலட்சம் பேர் வெளியேறினர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

புழுதி ஒன்றே வீடுகளைக் காலி செய்ததென்று எண்ணுவது பிழை. பருத்தி விளையும் தென்பகுதிகளில் நிலமற்ற குத்தகையாளரும் வாரக்குடிகளும் மிகுதி. 1935இல் அந்நாட்டுப் பண்ணைகளில் நூற்றுக்கு 42 குத்தகையாளர் கையில் இருந்தன. 1933இல் இயற்றப்பட்ட வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம், விலையை உயர்த்தும் பொருட்டுப் பருத்தி பயிரிடும் பரப்பைக் குறைக்குமாறு கூறி, அதற்கு ஈடாகப் பணம் வழங்கியது. அவ்வோராண்டில் மட்டும் ஒரு கோடி ஏக்கர் அளவிற்கு முளைத்த பருத்தியை உழுது அழித்தனர். பணத்தின் பெரும்பகுதி நிலக்காரரிடம் சேர்ந்தது. பயிர்ப்பரப்புக் குறையவே குத்தகையாளர் வேண்டாதவராயினர். கிடைத்த பணத்தைக்கொண்டு நிலக்காரர் பலர் டிராக்டர் வாங்கினர். பல குடும்பங்கள் கோவேறு கழுதை பூட்டி உழுத நிலத்தை ஒரு டிராக்டர் உழுதுவிட்டது. இக்கொடுமையை எதிர்த்து ஆர்க்கன்சா மாநிலத்தில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றுகூடி 1934இல் தென்னாட்டுக் குத்தகை உழவர் சங்கம் அமைத்தனர்.

ஆகவே, வெறும் வீடு ஒன்றைக் கண்டால் அதற்குக் காரணம் வானமாகவும் இருக்கலாம், சட்டமாகவும் இருக்கலாம், பொறியாகவும் இருக்கலாம். வீட்டின் சுவரைப் பார்த்த அளவில் இம்மூன்றையும் பிரித்தறிய முடியாது.

அரசாங்கத்தின் படப்பணி

1935இல் மறுகுடியேற்ற நிருவாகம் என்னும் துறை நிறுவப்பட்டது. அதன் தலைவர் ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தம்முடன் பணியாற்றிய ராய் ஸ்டிரைக்கரை அழைத்து, வரலாற்றுப் பகுதி என்னும் பிரிவை அவரிடம் ஒப்படைத்தார். 1937இல் அத்துறை வேளாண்மை அமைச்சைச் சேர்ந்து பண்ணைப் பாதுகாப்பு நிருவாகம் எனப் பெயர் பெற்றது. 1942இல் படப்பிரிவு போர்ச்செய்தி அலுவலகத்தின்கீழ்ச் சென்றது. டோரத்தியா லாங், வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ராத்ஸ்டைன், ரஸ்ஸல் லீ, ஜான் வாசோன், மேரியன் போஸ்ட் வால்காட், கார்டன் பார்க்ஸ் முதலியோர் வெவ்வேறு காலங்களில் அதில் பணியாற்றினர். அவர்கள் சேர்த்த கறுப்பு வெள்ளைப் படச்சுருள்கள் ஒரு இலட்சத்து எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டவை. 1944இல் அவை காங்கிரசு நூலகத்திற்கு மாற்றப்பட்டன. இன்று எவரும் அவற்றைப் பார்வையிடலாம்.

ஸ்டிரைக்கர் பொருளியல் ஆசிரியராயிருந்தவர். படமெடுப்போர் புறப்படுமுன் அவ்வட்டாரத்து நில அமைப்பு, விளைபொருள், கூலி ஆகியவற்றைப் படித்தறிந்து செல்லவேண்டுமென வற்புறுத்துவார். எவற்றை எடுக்கவேண்டுமென்று பட்டியல் எழுதியும் அனுப்புவார். இது அவருடைய நற்பண்பு. மற்றொரு செயலோ வரலாற்றாசிரியரை வருத்துவது. தமக்குப் பிடிக்காத படச்சுருளில் ஓட்டை குத்தி அதனைப் பயனற்றதாக்கும் வழக்கம் அவரிடம் இருந்தது. படமெடுத்தவர்கள் குறைகூறவே, முப்பதுகளின் இறுதியில் அவ்வழக்கம் நின்றது. ஓட்டை விழுந்த அப்படங்களை நூலகம் எறிந்துவிடாது காத்து வைத்துள்ளது. எது வேண்டாமென ஒதுக்கப்பட்டது என்பதை அறிவதற்கு இன்று அவையே துணை செய்கின்றன.

இடம் மாறிய மண்டையோடு

1936ஆம் ஆண்டு மே மாதத்தில் தென் டக்கோட்டா மாநிலத்தின் வறண்ட நிலத்தில் ராத்ஸ்டைன் ஒரு மாட்டின் மண்டையோட்டைக் கண்டார். வெடித்துப் பிளந்த மண்ணின்மேல் அதனை வைத்து ஒரு படமும், பத்தடி தொலைவுக்குள் வேறிடத்திற்கு நகர்த்திப் பிற படங்களும் எடுத்தார். ஒளியும் நிழலும் எவ்வாறு விழுகின்றன என ஆராய்ந்தே அவ்வாறு செய்ததாகப் பின்னர்க் கூறினார். அவ்வாண்டு தேர்தல் ஆண்டு. ஆகஸ்டு மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் வறட்சிப் பகுதிகளைப் பார்வையிடச் சென்றபோது, வடக்கு டக்கோட்டாவின் ஃபார்கோ நகரத்து நாளிதழ் ஒன்று அப்படத்தை வெளியிட்டு, இது பொய்ப்படம் என்று குற்றஞ்சாட்டிற்று. அரசாங்கத்தை எதிர்த்த ஏடுகள் பலவும் அதனை எடுத்து முழங்கின.

வறட்சி பொய்யன்று; மாடுகள் மாண்டதும் பொய்யன்று. ஆனால் ஒரு பொருள் பத்தடி நகர்ந்ததனால், நகராத பல்லாயிரம் படங்களின்மீதும் ஐயம் விழுந்தது. சான்றைக் கையாளும் எவர்க்கும் இது நல்ல பாடம். பாழ்வீட்டிற்குள் கிடக்கும் பொம்மையை எடுத்துச் சன்னலோரம் வைத்துப் படமெடுப்பவர், மண்டையோட்டை நகர்த்தியவரின் தவற்றையே செய்கின்றார். படம் உருக்கமாகலாம், சான்று உடைந்துவிடும்.

ஒரே மாதத்தில் இரு வீடுகள்

இனி, இப்பொருளின் நடுநிலையான செய்திக்கு வருவோம். 1938ஆம் ஆண்டு சூன் மாதம் டோரத்தியா லாங் டெக்சஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையிற் பயணம் செய்தார். அவர் கணவர் பால் டெய்லர் உழைப்பாளர் நிலையை ஆராய்ந்த பொருளியற் பேராசிரியர். இருவரும் இணைந்து ஆக்கிய நூல் 1939இல் வெளிவந்தது.

அம்மாதத்தில் அவரெடுத்த படங்களுள் இரண்டு ஈண்டு ஒப்பிடத்தக்கவை. முதலாவது சில்ட்ரஸ் வட்டாரத்தில் எடுத்தது. சிறிய மரவீடு ஒன்று தனியே நிற்கின்றது. டிராக்டர் உழுத சால்கள் வளைந்து வளைந்து வந்து வீட்டின் அடிவரைக்கும் நெருங்கியுள்ளன. முற்றமில்லை, தோட்டமில்லை, வீட்டிற்குச் செல்லும் தடமுமில்லை. உழவன் குடியிருந்தபோது காய்கறிப் பாத்திக்கும் கோழிக்கும் விடப்பட்டிருந்த மண்ணும் பருத்திக்காக உழப்பட்டுவிட்டது. மேற்கத்திய வறண்ட பருத்தி நிலத்தில் பொறி வேளாண்மை குத்தகையாளரை அகற்றுகின்றது என்பது அதற்கு அவரெழுதிய குறிப்பின் கருத்து. ‘டிராக்டரால் துரத்தப்பட்டோர்’ என்னும் பொருள்பட வழங்கும் பெயரால் அப்படம் புகழ்பெற்றது.

இரண்டாவது, டால்ஹார்ட் நகருக்கு வடக்கே எடுத்தது. அதுவும் ஒரு பண்ணை வீடு. சுற்றிலும் புழுதி அரித்த வெறுநிலம். ஒருவரும் கண்ணிற் படவில்லை. பார்ப்பவர் எவரும் இதுவே முதல் வீட்டினும் பாழான வீடு என்று சொல்லிவிடுவர். ஆயின் லாங் எழுதிய குறிப்பு வேறு: இவ்வீட்டில் ஆட்கள் குடியிருக்கின்றனர், இவ்வட்டாரத்து வீடுகளிற் பெரும்பாலானவையே கைவிடப்பட்டவை என்பது அது.

இவ்விரு குறிப்புக்களையும் நீக்கிவிட்டுப் படங்களை மட்டும் ஒருவர் கையில் கொடுத்தால் என்ன நேரும்? முதல் வீடு புழுதியால் அழிந்ததென்பார். இரண்டாம் வீட்டில் இருந்தோர் ஓடிப்போயினர் என்பார். இரண்டும் தவறு. முதல் வீட்டை வெறுமையாக்கியது காற்றன்று. நிலக்காரர் முடிவும் டிராக்டரும். இரண்டாம் வீட்டிலோ ஒரு குடும்பம் அத்தனை புழுதிக்கிடையிலும் விடாது தங்கியிருந்தது. புழுதி வட்டாரத்து மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போகாமல் அங்கேயே தங்கினர் என்பதே பிற்கால ஆய்வாளர் கண்ட உண்மை. அவ்வுண்மையின் சாயலை அவ்வொரு வரிக் குறிப்பு 1938லேயே பிடித்து வைத்திருக்கின்றது. லாங் மக்களிடம் பேசிய பின்னர் விரைந்து தம் காருக்குத் திரும்பி, கேட்ட சொற்களை மறக்குமுன் எழுதிக்கொள்ளும் வழக்கமுடையவர். அவ்வழக்கத்தின் பயன் இதுவாகும்.

இருக்கின்ற மனிதரை இல்லாதவராக்கிவிடும் ஆற்றல் படத்திற்கு உண்டு. அதனைத் தடுக்கும் ஆற்றல் படத்தின்கீழ் எழுதும் ஒரு வரிக்கு உண்டு.

படமெடுத்தவரும் நிலம் வாங்கியவரும்

மேலும் ஒரு செய்தியைக் கருதவேண்டும். படமெடுக்க ஆளனுப்பிய துறையே, பயிருக்கு உதவாத நிலங்களை உழவரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புல்வெளியாக மாற்றும் திட்டத்தையும் நடத்திற்று. முப்பதுகளில் தொடங்கிய அத்திட்டத்தில் அரசாங்கம் வாங்கிய நிலம் ஒரு கோடி ஏக்கருக்கும் அதிகம். 1960இல் அதன் ஒரு பகுதி தேசியப் புல்வெளிகள் என அறிவிக்கப்பட்டது. டால்ஹார்ட் பக்கத்திலுள்ள ரீட்டா பிளாங்கா புல்வெளியும் அவற்றுள் ஒன்று. மண் மீண்டது உண்மை, அது நன்மையே. எனினும், நிலம் பயனற்றது என மக்கள் நம்புவதற்குப் பாழ்வீட்டின் படம் மிகவும் ஏற்ற கருவியாகும் என்பதும் உண்மை. ஆகவே அப்படங்களை ஆராய்வோர், எடுத்தவர் யார் என்பதோடு நில்லாது, எடுக்கச் சொன்னவர் யார், எதன்பொருட்டு என்றும் கேட்கின்றனர்.

அரசாங்கத் தொடர்பின்றி இத்துறையில் உழைத்தவர் ரைட் மாரிஸ். 1910இல் நெப்ராஸ்காவிற் பிறந்த இவர், எழுத்தாளராகவும் நிழற்படக்காரராகவும் விளங்கினார். 1946இலும் 1948இலும் வெளிவந்த இவருடைய இரு நூல்களில் வீடு, களஞ்சியம், நாற்காலி, தேய்ந்த கதவுநிலை ஆகியவையே படங்களாக உள்ளன. மனிதர் மிக அரியர். புழங்கித் தேய்ந்த பொருளே புழங்கினவரைக் காட்டும் என்பது அவர் கொள்கை. ஆயினும் அவரும் படத்தைத் தனியே விடவில்லை. ஒவ்வொரு படத்திற்கும் எதிரே எழுத்தையும் வைத்தார்.

1935இல் அந்நாட்டில் 68 இலட்சம் பண்ணைகள் இருந்தன. 2022இல் எடுத்த கணக்கின்படி ஏறத்தாழ 19 இலட்சமே உள்ளன. வெறுமையான வீடுகள் இன்றும் சாலையோரங்களில் நிற்கின்றன. படமெடுப்போரும் இன்று பெருகியுள்ளனர். ஆனால் பல படங்களுக்குப் பெயருமில்லை, ஆண்டுமில்லை.

மலாயாவுக்கும் இதில் பங்குண்டு

இக்கதை தொலைநாட்டுக் கதையாயினும், இந்நாட்டுத் தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. 1932இல் அல்லிஸ்–சால்மர்ஸ் நிறுவனம் காற்றடைத்த இரப்பர் சக்கரம் பூட்டிய உழவு டிராக்டரை அமெரிக்கச் சந்தைக்குக் கொணர்ந்தது. இரும்புச் சக்கர டிராக்டரைவிட அது விரைவாக ஓடிற்று. எண்ணெயும் குறைவாகவே செலவாயிற்று. பத்தாண்டு முடியுமுன் புதிய டிராக்டர்களிற் பெரும்பாலானவை இரப்பர் சக்கரத்தோடு விற்பனையாயின. அக்காலத்தில் உலகத்து இரப்பரை மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. மிகுதியாக விளைவித்த நாடுகளுள் முதன்மையானது மலாயா. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய தமிழரின் உழைப்பு, கடல் கடந்து சக்கரமாகி, டெக்சஸ் உழவன் வீட்டு வாயில்வரை உருண்டது. இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

உலகப் பொருளாதார வீழ்ச்சி அவ்வுழவனை வாட்டிய அதே ஆண்டுகளில் இரப்பர் விலையும் சரிந்தது. 1930 முதல் 1932 வரை ஆயிரமாயிரமாகத் தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். அவர்கள் இருந்த லயங்கள் வெறுமையாயின. பின்னர் 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் மீண்டும் குடிநீங்கின. அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அடுத்து வந்த காலங்களில் இரப்பர் செம்பனையாகவும், தோட்டம் நகரமாகவும் மாறிய இடங்களில் லயங்கள், கோயில்கள், பள்ளிக்கூடங்கள் பல மறைந்தன.

எஞ்சி நிற்கும் பழைய லயங்களை இளைஞர்கள் இன்று ஆர்வத்தோடு படமெடுத்து வருகின்றனர். இது போற்றத்தக்க முயற்சி. சுவரில் படர்ந்த கொடியும், கூரை விழுந்த சமையற்கட்டும் படத்திற்கு அழகு தரும். ஆனால் அழகு வரலாறாகாது. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், படமெடுத்த நாள், லயம் எழுந்த ஆண்டு, கடைசிக் குடும்பம் வெளியேறிய ஆண்டு, வெளியேறிய காரணம், பிறகு அவர்கள் சென்ற ஊர் ஆகிய இவ்வேழும் படத்தின்பின் எழுதப்படுமாயின் அது சான்றாகும். விடை அறிந்த முதியோர் இன்னும் அருகிலுள்ள ஊர்களில் வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதிவரும்படி மாணவரைப் பணிப்பது, வரலாற்றுப் பாடத்திற்கும் கட்டுரைப் பயிற்சிக்கும் ஒருங்கே பயன்படும்.

டால்ஹார்ட் வீட்டிற்குள் இருந்த குடும்பம், ஒரு பெண்மணி இறங்கிச் சென்று கேட்டு ஒரு வரி எழுதியதனால் வரலாற்றில் இடம்பெற்றது. கேட்காமல் எடுத்த படம், குடிநீக்கிய தேவதானம் போன்றது. அதில் நிலம் இருக்கும், குடிகள் இருக்கமாட்டார்கள்.